ஊட்டாத நேரம்

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பிய ரூசோ, கல்லாவுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் மயங்கி விழுந்தார். லால்குடிக் கடைவீதியில் அவருடைய சவுண்ட் சர்வீஸ் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து ஈறில் குளுக்கோஸைத் தேய்த்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சேர்த்த இடம் அவருடைய தங்கை சுடர்விழி வேலை பார்க்கும் ஆராய்ச்சி மருத்துவமனை. அண்ணன் விழுந்துவிட்டார் என்று போன் வந்தபோது அவளுக்குப் பதற்றம்கூட வரவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு மாதத்தில் இப்படி எத்தனை போன்! பதறிப் பதறி அலுத்துப்போயிருந்தது.

ரூசோவுக்குக் கல்லூரி நாளிலேயே வந்த சர்க்கரை அது. மாத்திரைக்கு மசியாத ஜாதி. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே தின்று தீர்த்துவிட, முப்பது வருஷத்துக்கு மேல் ஊசியோடுதான் குடித்தனம் நடத்தினார். ஊசி கொஞ்சம் கூடிப்போனால் மயக்கம். அந்த மயக்கமும் மற்றவர்களுக்கு வருவதுபோல வியர்த்து, நடுங்கி, சொல்லிக்கொண்டு வராது. நின்றபடியே விழுவார். அண்ணி பூங்கோதை ராத்திரியெல்லாம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள்.

அந்த அண்ணனுக்காகத்தான் இந்தத் துறைக்கே வந்தேன் என்று சுடர்விழி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, எல்லோருக்கும் தெரியும். பாழாய்ப்போன செல்களுக்குப் பதிலாகப் புதுச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மோப்பம் பிடித்து இன்சுலின் சுரக்கப் பழக்கி, ஒரே ஊசியில் கல்லீரலுக்குள் குடியேற்றுவது. இதற்குத்தான் அவள் ஏழு வருஷத்தைக் கொடுத்தாள். முதல் சோதனைக்கு ஒன்பது பேர். தேர்வுக் குழுவிலிருந்து அவள் விலகி நின்றாள். குலுக்கலில் அண்ணன் பெயர் வந்தது.

வைத்த செல்கள் பிடித்துக்கொண்டன. ஊசி நின்றது. ரூசோ கறுப்புச் சட்டைக்காரர். இயக்கத்து மேடைகளில் முழங்குகிறவர். விடுவாரா? ஊர் ஊராகப் போய், "என் வயித்துக்குள்ள அறிவியல் உக்காந்திருக்கு, கடவுளுக்கு அங்க இடம் இல்ல" என்று பேசினார். ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. செல்கள் வேர்பிடித்து வலுக்க வலுக்க, இந்த மயக்கம் ஆரம்பித்தது. அவருக்கு மட்டுமில்லை, ஒன்பது பேருக்கும்.

வார்டில் அவர் எழுந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சுடர்விழி மடிக்கணினியைத் திறந்துகொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னதாம்மா பிரச்சினை? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சோறு தின்னா சர்க்கரை ஏறும். ஏறினதும் செல்லு இன்சுலின் சுரக்கணும். சுரக்குது. ஆனா சில நேரம் மட்டும் கம்முனு உக்காந்துக்குது. சர்க்கரை பாட்டுக்கு ஏறிக்கிட்டே போவுது. அப்புறம் திடீர்னு முழிச்சுக்கிட்டு, சேத்து வச்சதையெல்லாம் மொத்தமாக் கொட்டுது. அணையத் தொறந்துவிட்ட மாதிரி. நீ விழுந்துடுற."

"எந்த நேரத்துல கம்முனு இருக்கு?"

"அதுலதாண்ணே பைத்தியம் புடிக்குது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நேரம். திங்கள்னா காலைல, புதன்னா மத்தியானம், செவ்வாய்னா சாயங்காலம். ஒம்போது பேருக்கும் ஒண்ணு போல. தண்ணியப் பாத்தாச்சு, மாத்திரையப் பாத்தாச்சு, கரண்டு கட்டாகுற நேரத்தக்கூடப் பாத்தாச்சு."

"எங்க, அதக் காட்டு."

திரையில் ஏழு நாளும் ஏழு வரியாக இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒன்றரை மணி நேரம் நீளத்துக்கு ஒரு வெற்றிடம். ரூசோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"என்னண்ணே?"

"திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா."

"என்னது?"

"மொத எழுத்தப் புடிச்சு எண்ணிக்க. திங்கள் ஏழரை. சனி ஒம்போது. வெள்ளி பத்தரை. புதன் பன்னண்டு. வியாழன் ஒண்ணரை. செவ்வாய் மூணு. ஞாயிறு நாலரை." விரலால் ஒவ்வொரு வெற்றிடத்தையும் தொட்டுக் காட்டினார். "ஏம்மா சுடரு, இத்தன படிச்சிருக்கியே, இது ராகுகாலம்மா!"

சுடர்விழிக்கு அது தெரியாமல் போனதில் அதிசயம் இல்லை. அவர்கள் வீட்டில் தினசரித் தாள் கிழிக்கிற காலண்டரை மாட்டியதே இல்லை. ரூசோவுக்குத் தெரிந்ததிலும் அதிசயம் இல்லை. அவர் நூற்றுக்கணக்கான சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தலைமை தாங்கியவர். எல்லாவற்றையும் வேண்டுமென்றே ராகுகாலத்தில் வைத்தவர். நல்ல நேரம் பார்க்கிறவன்கூட ஐந்து நிமிஷம் முன்னே பின்னே விட்டுவிடுவான். ராகுகாலத்தை நிமிஷம் பிசகாமல் தெரிந்துவைத்திருக்கிறவன் நாத்திகன்தான்.

அவள் நேராகச் செல் வளர்ப்புக் கூடத்துக்குப் போனாள்.

அங்கே மூத்த டெக்னீஷியன் செண்பகவல்லி. செல்களைப் பழக்குவது என்றால், நேரம் காலம் பார்க்காமல் அவ்வப்போது சர்க்கரைக் கரைசலை விட்டு, எப்போது வந்தாலும் சுரக்கக் கற்றுக்கொடுப்பது. அதை அவர்கள் 'ஊட்டுறது' என்பார்கள். ஊட்டுகிற இயந்திரம் பழுதாகி, உதிரிபாகம் கப்பலில் வருகிறது வருகிறது என்று வராமலே போக, மாதக்கணக்கில் செண்பகவல்லியும் அவளோடு இருந்த பெண்களும் முறைவைத்துக் கையாலேயே ஊட்டினார்கள்.

"செண்பகம், உண்மையச் சொல்லுங்க. ராகுகாலத்துல ஊட்டாம விட்டீங்களா?"

செண்பகவல்லி கையுறையை மெதுவாகக் கழற்றினாள். மறைக்கிற முகம் இல்லை அது.

"விட்டோம் மேடம். நீங்க வெளிநாடு போயிருந்தப்ப ஒரு தட்டு முழுக்கச் செத்துப்போச்சுல்ல, அது செவ்வாக்கிழமை மூணரைக்கு ஊட்டினது. அதுக்கப்புறம் யாருக்கும் கை வரல. கொஞ்சம் தள்ளி ஊட்டினோம், அவ்வளவுதான். ஒரு சொட்டு கொறைக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல மேடம். உங்ககிட்டப் போய் இதச் சொன்னா சிரிப்பீங்கன்னு..." அவள் குரல் இறங்கியது. "யாரோ ஒருத்தர் உடம்புக்குள்ள போகப் போற உசுரு. நம்ம புள்ளைக்கு மொதச் சோறு ராகுகாலத்துல ஊட்டுவோமா? அப்புடித்தான் நெனச்சோம். நல்லதுக்குத்தான் செஞ்சோம். தப்பாப்போச்சா மேடம்?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தாள் சுடர்விழி. வெள்ளம் வந்து ஊரே முழங்கால் தண்ணீரில் நின்றபோது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்து ஊட்டியவர்கள் இவர்கள். தீபாவளிக்குப் பலகாரத்தை டப்பாவில் கொண்டுவந்து கூடத்து வாசலில் நின்று தின்றவர்கள். அந்தக் கூடத்தில் ராகுகாலத்தை நம்பாத ஒரே ஆளான அவள்தான் ஊட்ட வராத ஒரே ஆளும். அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. "பரவால்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

செல்லுக்குப் பகல் இரவு தெரியும் என்பது பழைய சங்கதி. கிழமையும் தெரியும், வாரத்தை எண்ணி மனப்பாடம் பண்ணும் என்று உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் சுடர்விழிதான். கண்டுபிடித்த லட்சணத்தைத்தான் வெளியில் சொல்ல முடியாது.

மருத்துவமனை இயக்குநர் நல்லசிவம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மாத்திப் பழக்க முடியாதா?"

"உடம்புக்குள்ள வச்சுப் பழக்கணும்னா தெனமும் அந்த நேரத்துல சாப்பிட வைக்கணும் சார். சாப்பிட்டா கொட்டும். ஒரு நாள் கவனிக்க ஆள் இல்லன்னா உயிரு போயிடும். கூடத்துல புதுசா வளத்துப் பழக்குறதுதான் வழி. ரெண்டு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் அந்த நேரத்துல சாப்பிடாதீங்கன்னு சொல்லிடலாம். அட்டவணைகூட அடிச்சுக் குடுக்க வேண்டாம். எல்லார் வீட்டுக் காலண்டர்லயும் இருக்கு." அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "மேலிடத்துக்கு நான் எழுதிக்கறேன். வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது டாக்டர். போச்சுன்னா சோதனையே நின்னுடும். வச்ச செல்லையெல்லாம் அழிக்கச் சொல்லுவாங்க. உங்க அண்ணன் மறுபடி ஊசிக்குப் போகணும்."

எட்டுப் பேர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். எந்தெந்த நேரம் என்றதும் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மீதி இருந்தது ரூசோ.

அவருக்கு மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாழிசை, ஒரே பெண், சென்னையில் வேலை பார்க்கிறவள். கூட வேலை பார்க்கும் பையனையே விரும்பினாள். முசிறிப் பக்கத்துக் குடும்பம். பையனின் தாய் மங்கையர்க்கரசி துணிக்கடை நடத்துகிறவள், கோயில் குளம் என்று இருப்பவள். மகனுடைய பிடிவாதத்துக்காகச் சுயமரியாதைத் திருமணத்துக்கு ஒப்புக்கொண்டாள், அரை மனசோடு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு. அப்பாவே தலைமை.

ரூசோ தலைமை தாங்கினால் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. மைக்கைப் பிடித்து, "தோழர்களே, இது ராகுகாலம். என்ன ஆவுதுன்னு பாருங்க" என்று சொல்லி, ஒரு லட்டை எல்லோரும் பார்க்கத் தின்றுவிட்டுத்தான் விழாவைத் தொடங்குவார். கைதட்டல் அள்ளும். சர்க்கரைக்காரர் லட்டு தின்னலாமா என்று அண்ணி சண்டைபோடுவாள். ஊசியைக் கூட்டிப் போட்டுக்கொண்டாவது தின்பார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சுடர்விழி கெஞ்சினாள். "ஒரு லட்டுதான்னு நெனைக்காதண்ணே. ஆறு மணிக்கு எல்லாம் சேந்து கொட்டும். வீட்டுல விழுந்தாலே உன்னத் திருப்பிக் கொண்டுவர உயிர் போவுது. கூட்டத்துல எவ்வளவு நேரம் ஆவும்னு எனக்கே தெரியாது."

"முப்பது வருஷமா ஊரான் வீட்டுக் கல்யாணத்துல தின்னுட்டு, எம் மக கல்யாணத்துல தின்னலன்னா?" என்றார் ரூசோ. கோபமில்லை, களைத்த குரல். "கடைசில ரூசோவும் ராகுகாலம் பாக்க ஆரம்பிச்சுட்டான்னு பேசுவாங்க சுடரு. அதக் கேட்டுக்கிட்டு உசுரோட இருக்கணுமா?"

பூங்கோதை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "இருக்கணும்" என்றாள். "எவன் என்ன பேசினா எனக்கென்ன? நீங்க இருக்கணும்." சொல்லிவிட்டு அழுதாள். அவர் மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த அழுகைதான் சுடர்விழியை முடிவெடுக்க வைத்தது. "அப்ப நான் சொல்றேன். மேடையில, மைக்கப் புடிச்சு, நடந்தத நடந்தபடி. நீ ஏன் சாப்பிடலன்னு ஊருக்கே தெரியட்டும். பொய்யும் வேண்டாம், சாவும் வேண்டாம்."

"உன் வேல போயிடுமே?"

"செல்ல அழிச்சாலும் உனக்கு ஊசி இருக்கு. வேல போவட்டும்." நிஜமாகவே அந்த நேரத்தில் அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. போனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுகூட ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

ரூசோ இறங்கிவந்தார். "சரி. உண்மையச் சொல்லித் தின்னாம இருந்தா அதுல கேவலம் இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஒருபக்கம் கறுப்புச் சட்டைகள், மறுபக்கம் முசிறிப் பட்டுப்புடவைகள். ரூசோவின் சொந்த ஸ்பீக்கர்கள் நான்கு மூலையிலும் நின்றன. கடைசி வரிசையில் கிசுகிசுத்தாலும் கேட்கும் என்பார். நாலரை தாண்டியதும் அவர் மைக்கைப் பிடித்தார். லட்டுத் தட்டு வந்தது. கூட்டம் கைதட்டத் தயாரானது.

"இன்னைக்கு நான் தின்னப் போறதில்ல. ஏன்னு எந் தங்கச்சி சொல்லுவா. அவதான் விஞ்ஞானி" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டார்.

சுடர்விழி நன்றாகத்தான் பேசினாள். கூடத்தைப் பற்றிச் சொன்னாள், ஊட்டுவதைப் பற்றிச் சொன்னாள், யார் பெயரையும் சொல்லாமல் கை வராத கதையைச் சொன்னாள். "செல்லுக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. நாம அந்த நேரத்துல சோறு போடல. பாவம், அது பழகிடுச்சு. வேற நேரத்துல போடாம இருந்திருந்தா வேற நேரத்துல தூங்கும். பழக்கினது மனுஷங்க. அதுக்குப் பரிகாரமும் மனுஷங்கதான் செய்யணும், செஞ்சுக்கிட்டு இருக்கோம். அதுவரைக்கும் எங்கண்ணன் அந்த நேரத்துல சாப்பிட்டா உயிருக்கு ஆபத்து. அதனாலதான் தின்னல."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கறுப்புச் சட்டைகள் கைதட்டினார்கள். மறுபக்கத்திலும் தட்டினார்கள், அதுவும் பலமாக. அந்தக் கைதட்டல்தான் சுடர்விழிக்கு என்னவோபோல் இருந்தது.

முதல் வரிசையிலிருந்து மங்கையர்க்கரசி எழுந்தாள். கத்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"டாக்டரம்மா, நீங்க சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. யாரோ பழக்கினாங்க, அது பழகிடுச்சு. சரிதான். எங்களையும் யாரோ பழக்கினதுதானே? கண்ணுக்குத் தெரியாத அந்த அணுவுக்கே அந்த நேரம் ஒத்துக்கல, மீறினா உசுருக்கு ஆபத்துன்னு படிச்ச நீங்களே சொல்றீங்க. தெரிஞ்சுக்கிட்டே எம் புள்ளைக்கு அந்த நேரத்துல மாலை மாத்தச் சொல்ல எனக்கு மனசு வரல." சம்பந்தி பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "கல்யாணத்த நிறுத்தச் சொல்லல சம்பந்தி. ஆறு மணி தாண்டட்டும். அவ்வளவுதான் கேக்குறேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின்வரிசைத் தோழர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "அதெப்படிங்க, ஒத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?" என்றார். மாப்பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தான், யாழிசையின் முகத்தைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான். சுடர்விழி கையில் மைக்கோடு நின்றாள். இன்னொரு தடவை விளக்கலாம். எதை விளக்குவது? அந்த அம்மாள் ஒன்றையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லையே.

"அப்பா," என்றாள் யாழிசை. அவள் குரல் ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "பரவால்லப்பா. நீங்க உக்காருங்க. கால் வலிக்கும்."

ரூசோ தோழரைக் கையமர்த்தினார். "உண்மையச் சொல்லிட்டோம். அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு?" என்று சொல்லி, மேடையிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரில் எத்தனை பேருக்கோ ராகுகாலத்தில் மாலை எடுத்துக் கொடுத்த மனிதர், தன் மகளுக்கு அது முடிவதற்காகக் காத்திருந்தார். சுடர்விழிக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று வாயை மூடிக்கொண்டிருந்தால், லட்டைத் தின்றிருப்பார், விழுந்திருப்பார், எழுந்தாலும் எழுந்திருப்பார். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று இருந்தது.

காபி கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடின. முசிறிப் பெரியவர் ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுடர்விழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ரொம்ப வருஷமாச் சர்க்கரைம்மா. புதுசா வேற பழக்குறதாச் சொன்னீங்களே, அது வேண்டாம். இந்த ராகுகாலம் பாக்குற செல்லே எனக்குக் கெடைக்குமா? எங்க ஊர்ல இன்னும் நாலு பேரு இருக்காங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமா என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. பெரியவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்து போனார்.

ஆறு தாண்டியது. உறுதிமொழி படித்தார்கள், மாலை மாற்றினார்கள். மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளைக் கட்டிக்கொண்டாள். அதில் பொய் இல்லை. யாழிசை தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். அவர் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு தின்றார். யாரும் கைதட்டவில்லை.

அவர் கையில் ஒட்டியிருந்த சர்க்கரை அளக்கும் கருவி சுடர்விழியின் போனுக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கூட்டம் பந்திக்கு நகர்ந்தபிறகு அவள் அதை எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை மெல்ல ஏறியிருந்தது, செல்கள் விழித்திருந்தன, ஏறியது அலுங்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் அவள் கனவு கண்ட கோடு அதுதான், ஒரு பிசிறு இல்லாமல்.

"எப்படி இருக்கு?" என்று ரூசோ நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்குண்ணே" என்றாள் சுடர்விழி. அதற்கு மேல் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அண்ணனைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனாள்.